மறைந்த பட்டணத்தின் படம்

மதுரையில் வாழும் நமக்குக் கடலும் தூரம், கடற்கரைக் கோட்டைகளும் தூரம். ஆயினும், கோட்டை போன பின் ஒரு ஊர் எவ்விதம் இருக்கும் என்பதை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் நம் ஊர்க் கோட்டைச் சுவரை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள். அந்த இடத்தில் ஏற்பட்டவையே வெளி வீதிகள். கீழ வெளி வீதியில் காய்கறிக் கூடையுடன் விரைகிறவர் பழைய அகழியை மிதித்துச் செல்வதாக எண்ணுவதில்லை. வீதியின் பெயர் மட்டும் அதை மறக்கவில்லை.

துறைமுகப் பட்டணங்களில் இந்தக் காரியத்தைச் செய்து வருபவை பழைய படங்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் நம் கரையில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில், அவற்றின் படங்கள் ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், லண்டன் நகரங்களில் அச்சாயின. யாழ்ப்பாணத்தில் இருந்த டச்சுப் பாதிரியார் பால்டேயுஸ் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெரும் புத்தகத்தில் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் சித்திரங்களாக இடம் பெற்றிருக்கின்றன. முத்தும் துணியும் எங்கே கிடைக்கும் என்று அறிய விரும்பியவர்களுக்கு அவை சுவையான பக்கங்களாக இருந்திருக்க வேண்டும்.

இப்படங்களைச் செய்யும் முறை பொறுமையைச் சோதிப்பது. மெருகிட்ட செம்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாக வெட்டுவார்கள். எழுத்துக்கள், கரை, கொத்தளம் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றியே வெட்ட வேண்டும். பிறகு தகட்டில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்துவார்கள். வெட்டுக்களில் தங்கிய மை காகிதத்தில் ஏறும். தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். வர்ணம் வேண்டுவோருக்கு அதைக் கையால் தீட்டிக் கொடுப்பார்கள்.

தகடு வெட்டுகிறவர் ஊரைக் கண்ணால் கண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பாரிஸில் பிரெஞ்சுக் கடற்படையின் படக் காரியாலயத்தில் பணிபுரிந்த பெல்லின் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர். எனினும் சென்னைக் கோட்டையைக் காட்டும் அவருடைய படம் நன்கு அறியப்பட்டது. அதன் தலைப்பே ஒரு வெற்றி முரசு: 1746 செப்டம்பர் 21-ல் பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனேயின் தலைமையில் பிடித்த சென்னை என்று அது பறைசாற்றுகிறது. தேசப்படம் என்றால் வழி காட்டுவது என்று பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லிக் கொடுக்கிறோம். இது காட்டுவது வழியையல்ல, வெற்றியை.

அப்படத்தில் கோட்டைக்கு வடக்கே, மதிலை ஒட்டினாற்போல், ஒரு பெரிய ஊர் இருக்கிறது. அதுதான் பழைய கறுப்பர் பட்டணம். அப்பெயரை வைத்தவர்கள் யார் என்று விளக்க வேண்டியதில்லை. 1640-ல் கோட்டை எழத் தொடங்கிய நாள் முதல், கம்பெனிக்கு வேண்டிய துணியை நெய்தவர்கள், சாயம் தோய்த்தவர்கள், துபாஷிகள், வர்த்தகர்கள் எல்லாரும் அங்கே குடியிருந்தனர். கம்பெனியின் லாபம் அந்தத் தெருக்களில்தான் பிறந்தது. இதே கோட்டையைப் பிற்காலத்தில் வரைந்த படமொன்றை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கோட்டை பெருத்திருக்கும், அதன் வடக்கே வெறும் வெளி. ஊரைக் காணோம்!

ஊர் எங்கே போயிற்று? பிரெஞ்சுக்காரர் கோட்டையை வைத்திருந்த மூன்று ஆண்டுகளில் மதிலுக்கு அருகிலிருந்த வீடுகளை இடித்தனர். 1749-ல் கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் எஞ்சியதை இடித்தனர். பகைவர் வீடுகளின் மறைவில் நின்று சுடலாம் என்பதே இரு தரப்பாரின் காரணமும். ஒருவரையொருவர் ஒழிக்க நின்றவர்கள் இந்த ஒரு காரியத்தில் மட்டும் ஒற்றுமையாயிருந்தனர்! 1757-ல் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. கவர்னர் பிகட்டின் துபாஷியான மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் அது பின்னர் வேறிடத்தில், பூக்கடையை அடுத்த தேவராஜ முதலி தெருவில், சென்னமல்லீசுவரர் கோயிலுடன் எழுந்தது. 1758 டிசம்பரில் லாலி முற்றுகையிட்டபோது ஆங்கிலேயரின் சொந்தக் கல்லறைகளே பிரெஞ்சு வீரர்களுக்கு மறைவாக உதவின. முற்றுகை நீங்கியபின் அவையும் பெயர்க்கப்பட்டன. பெயர் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் செயின்ட் மேரி ஆலயத்தருகே கொண்டுபோய்ப் பதித்தார்கள். கற்களுக்குக் கிடைத்த இடம் நெசவாளியின் வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

புதுவையின் கதி இதற்கு நேர்மாறு. 1761 ஜனவரியில் அதைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையே தரைமட்டமாக்கினர். ஐந்து மூலைகளுடன் பழைய படங்களில் விளங்கும் அந்த லூயி கோட்டையைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர் பாரதி பூங்காவில் நிழலுக்கு உட்காரலாம்.

சென்னையில் இடித்த இடத்தின் எல்லையைக் காட்ட 1773-ல் தூண்கள் நாட்டினார்கள். அவற்றுக்கும் கோட்டைக்கும் இடையே எவரும் வீடு கட்டலாகாது என்பது உத்தரவு. ஊரார் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் நெருங்கிக் குடியேறினர். கறுப்பர் பட்டணம் என்ற பெயரும் அவர்களோடு போய், பின்னர் ஜார்ஜ் டவுன் என்று மாறிற்று. காலியாக்கிய வெளியில் 1892-ல் ஹைக்கோர்ட்டு எழுந்தது. தூண்களில் ஒன்று பாரி முனையில், டேர் மாளிகையின் மூலையில், இன்றும் நிற்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பார்க்கக்கூடிய இடந்தான்.