எல்லை கடந்த காவல்: தொடர்பதிகாரிகளும் சிங்கப்பூரும்

ஒரு நாட்டுக் காவலரின் கைது செய்யும் அதிகாரம் அந்நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. குற்றம் அவ்வாறு முடிவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பத் தோன்றியதே, காவலதிகாரி ஒருவரைப் பிறநாட்டில் தொடர்பதிகாரியாக அமர்த்தும் முறை. அதன் தோற்றத்தையும் வரம்புகளையும் சிங்கப்பூரை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இம்முறையின் முன்வடிவங்களைக் காலனிய ஆட்சியில் காணலாம். பிரெஞ்சு மண்ணாகிய புதுச்சேரியில் 1908 முதல் தங்கியிருந்த பாரதியாரை ஆங்கிலேயக் காவலர் கைது செய்ய இயலவில்லை. ஒற்றர்களை வைத்துக் கண்காணிக்க மட்டுமே இயன்றது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டபின் அக்கண்காணிப்பு இறுகியது. 1918 நவம்பரில் பாரதியார் எல்லை கடந்தபோது கடலூர் அருகே கைதானார்.

சிங்கப்பூரில் 1915 பிப்ரவரி 15 அன்று ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் 47 பேர் பின்னர்ச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கதர் இயக்கத்தின் தாக்கம் குறித்த அச்சத்தால், இந்தியக் காவல்துறையைச் சேர்ந்த டேவிட் பெட்ரி தூரகிழக்கு நாடுகளில் உளவுப் பணிக்கு அனுப்பப்பட்டார். அவரே 1941இல் பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறைக்குத் தலைவரானார்.

இவர்கள் தேடியது திருடர்களை அன்று. அரசியல் கருத்துடையோரையே தேடினர். எனவேதான் இன்டர்போலின் 1956ஆம் ஆண்டு அமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு முக்கியத்துவம் பெறுகிறது. அரசியல், இராணுவ, சமய, இனத் தன்மையுடைய செயல்களில் அவ்வமைப்பு தலையிடுவதை அது தடை செய்கிறது.

1915இல் கிளர்ச்சியாளர் போர்க்கைதிகளின் முகாமைத் திறந்துவிட்ட அதே தங்லின் வட்டாரத்தில், நேப்பியர் சாலையில், 2015இல் இன்டர்போலின் புத்தாக்க வளாகம் திறக்கப்பட்டது. சிங்கப்பூர்க் காவல்படைத் தலைவராயிருந்த கூ பூன் ஹுய் 2008 முதல் 2012 வரை இன்டர்போலின் தலைவராகவும் விளங்கியது இங்கு நினைக்கத்தக்கது.

தொடர்பதிகாரி பெரும்பாலும் தம் நாட்டுத் தூதரகத்திலிருந்து பணியாற்றுவார். தகவலைப் பெறுவார், தருவார். கைதும் சோதனையும் அந்நாட்டுக் காவலருக்கே உரியவை. 2008 பிப்ரவரியில் விட்லி சாலைத் தடுப்புக்காவல் நிலையத்திலிருந்து தப்பிய மாஸ் செலாமாட் 2009 ஏப்ரலில் ஜொகூரில் பிடிபட்டார். இரு தரப்பும் தகவல்களைப் பகிர்ந்துகொண்டபோதிலும், கைது செய்தவர்கள் மலேசியக் காவலர்களே. அவர் சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டது 2010இல்தான்.

நீதிமன்றத்தில் செல்லத்தக்க சான்றுக்கு இதனினும் முறையான வழி தேவை. இந்தியாவும் சிங்கப்பூரும் 2005இல் குற்றவியல் விவகாரங்களில் பரஸ்பரச் சட்ட உதவி உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி சிங்கப்பூரில் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகமும் இந்தியாவில் உள்துறை அமைச்சும் கோரிக்கைகளைக் கையாள்கின்றன.

ஊரிலுள்ள முகவரிடம் பணத்தை இழந்து, லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதோறும் நண்பர்களைச் சந்திக்கும் ஒரு தொழிலாளரை எண்ணிப் பார்ப்போம். ஏமாந்தவர் இங்கும் ஏமாற்றியவர் அங்கும் இருக்க, இவ்விணைப்பு விரைந்து இயங்கினாலன்றி அவருக்கு நீதி எட்டாது. ஆயினும் அவர்தம் பெயரும் விவரமும் வரம்பின்றி எல்லை கடந்தால், பழைய கண்காணிப்பே புதிய வடிவில் திரும்பக்கூடும். விரைவும் வரம்பும் ஒருங்கே அமைவதே இக்கூட்டுறவின் தகுதியை உறுதிசெய்யும் எனலாம்.