வெடக்கோழிக்கு லேயர் தீவனம்... எப்போது மாற்ற வேண்டும்?

மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் பத்து, இருபது கோழி வளர்ப்பது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. குஞ்சு வாங்கி நான்கு மாதம் ஆனதும் எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்றுதான். சீக்கிரம் முட்டை பார்க்க வேண்டும். அந்த அவசரத்தில் கடைக்குப் போய் லேயர் தீவன மூட்டையைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். ஆனால், லேயர் தீவனம் போட்டால் கோழி சீக்கிரம் முட்டையிடும் என்பது தவறான நம்பிக்கை. உடம்பு தயாரானால்தான் கோழி முட்டையிடும்.

என்ன வித்தியாசம்?

வளரும் கோழிக்கான குரோயர் தீவனத்தில் கால்சியம் சுமார் 1 சதவிகிதம்தான். லேயர் தீவனத்திலோ 3.5 முதல் 4 சதவிகிதம். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை என்பதால்தான் இவ்வளவு அதிகம்.

முட்டையிடாத கோழிக்கு அந்தக் கால்சியம் சுமை. மிச்சத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் சிறுநீரகம் பழுதாகும். உள்ளுறுப்புகளில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். பாதிப்பு உடனே தெரியாது. நன்றாக முட்டையிடும் பருவத்தில் கோழி திடீரெனச் செத்துக் கிடக்கும்.

தாமதித்தால்?

அதுவும் ஆபத்துதான். தீவனத்தில் கிடைக்காத கால்சியத்தைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். முதலில் தோல் முட்டை வரும். பிறகு கால் தளர்ந்து கோழி படுத்துவிடும்.

வயதும் அறிகுறியும்

நாமக்கல் பண்ணைகளில் வளரும் பி.வி.300 போன்ற வெள்ளைக் கோழிகள் 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். நாட்டுக்கோழிக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். எனவே வயதை மட்டும் நம்பாமல் இவற்றைக் கவனியுங்கள்:

* கொண்டையும் தாடியும் பெரிதாகி ரத்தச் சிவப்பாகும்.
* முதுகில் கை வைத்தால் இறக்கையை லேசாக விரித்துப் பதுங்கி உட்காரும்.
* மூலை முடுக்கில் இடம் தேடி அலையும்.
* பின்புற இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கும்.

பெரும்பாலான கோழிகளில் இவை தெரிந்தாலோ, முதல் முட்டை கிடைத்தாலோ மாற்றத் தொடங்கலாம்.

எப்படி மாற்றுவது?

ஒரே நாளில் மாற்றினால் கோழி தீவனத்தை ஒதுக்கும், கழிச்சலும் வரலாம். முதல் மூன்று நாள்கள் முக்கால் பங்கு பழைய தீவனம், கால் பங்கு புதியது. அடுத்த மூன்று நாள்கள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள்கள் கால் பங்கு பழையது, முக்கால் பங்கு புதியது. பத்தாம் நாள் முழுவதும் லேயர் தீவனம்.

சேவலும் குஞ்சும் சேர்ந்து மேய்ந்தால்?

பல வீடுகளில் இதுதான் நிலைமை. எல்லாவற்றுக்கும் லேயர் தீவனம் போட்டால் குஞ்சுகளுக்குத்தான் முதல் பாதிப்பு. முடிந்தால் குஞ்சுகளைத் தனியாக அடைத்துக் குஞ்சுத் தீவனம் கொடுங்கள். மற்றவற்றுக்குப் பொதுவாகக் குரோயர் தீவனம் வைத்து, உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைக் கொத்திக்கொள்ளும்; சேவல் பெரும்பாலும் சீண்டாது.

முதல் முட்டை இரண்டு வாரம் தள்ளிப் போனால் நஷ்டமில்லை. சிறுநீரகம் கெட்ட கோழியை மீட்பதுதான் கடினம்!