பெயர்ப்பலகையும் தமிழெழுத்தும்

சேலம் ஐந்து ரோட்டுச் சந்திப்பில் நின்று, சுற்றிலுமுள்ள பெயர்ப்பலகைகளை ஒருமுறை நிதானமாய்ப் பார்க்கும்படி நேயர்களை வேண்டுகிறோம். தமிழே இல்லாத பலகைகள் இன்னும் உண்டு. அவற்றைப் பற்றி இன்று நாம் பேசப்போவதில்லை. தமிழ் உள்ள பலகைகளைப் பற்றியே நமது மனக்குறை. ஆங்கிலப் பெயர், கைதேர்ந்த சித்திரக்காரரைக் கொண்டு பெரும் பொருட்செலவில் வரைவித்த எழுத்தில் மின்னுகிறது. அதன் வளைவும் கனமும் நிறமும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. அருகே உள்ள தமிழ்ப் பெயரோ, கம்ப்யூட்டரில் முதலில் அகப்பட்ட எழுத்தில், அடையாளம் ஏதுமின்றி நிற்கிறது. பத்துக் கம்பெனிகளின் தமிழ்ப் பெயர்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன. விருந்தாளியைக் கூடத்தில் உட்கார்த்திவிட்டு வீட்டுக்காரனைத் திண்ணையில் படுக்க வைத்தது போன்ற காட்சி இது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 1948-ல் ஏற்பட்ட விதிகளில், பின்னர் திருத்தப்பட்ட 15-வது விதி, பலகையில் தமிழே முதன்மையாய் இருக்கவேண்டும் என்கிறது. தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, பிற பாஷைக்கு 2 என்று சர்க்கார் அளவும் சொல்லியிருக்கிறது. 2010-ல் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடியபோது சென்னை மாநகராட்சி இதை வற்புறுத்தியது பலருக்கு ஞாபகமிருக்கும். ஆயினும் சட்டம் அங்குலத்தைத்தான் அளக்கிறது. எழுத்தின் லட்சணத்தை எந்த இன்ஸ்பெக்டரும் அளக்க முடியாது. அது வர்த்தகரின் மனத்திலிருந்து வரவேண்டிய காரியம்.

இதில் எழுத்தின் இயற்கையைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். சேலத்தின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் ஐந்து எழுத்தும் ஒரே உயரத்தில் மதில் சுவர்போல் நிற்கும். 'சேலம்' என்று தமிழில் எழுதினால் முன்னே இரட்டைக் கொம்பு, நடுவே லகரத்தின் சுழி, இறுதியில் மகரத்தின் தலைமேல் புள்ளி. மேல்விலங்கு, கீழ்விலங்கு வரும் பெயர்களில் எழுத்து மேலும் கீழும் கை நீட்டுகிறது. ஆங்கில எழுத்தின் உயரத்துக்கென்று அமைத்த பெட்டிக்குள் இதைத் திணிக்கும்போது, விலங்கும் புள்ளியும் அடங்குவதற்காக எழுத்தின் உடலைக் குறுக்கிவிடுகிறார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தால் தமிழ் பெரிது. கண்ணுக்குத் தெரிவது ஆங்கிலம். சிலர் புள்ளியையே விழுங்கிவிடுகிறார்கள். ஓலை கிழியுமென்று ஏட்டில் புள்ளியிடாமல் எழுதினர் நம் முன்னோர். தகரப் பலகையும் கிழியுமென்று இவர்கள் அஞ்சுகிறார்கள் போலும்!

தமிழ் நீளமானது, இடம் போதாது என்று சொல்வோரும் உண்டு. ஆங்கிலத்தில் நாமக்கல்லுக்கு எட்டு எழுத்து வேண்டும். தமிழில் ஐந்தே எழுத்து. இடைஞ்சல் எங்கே வருகிறதென்றால், 'டெக்ஸ்டைல்ஸ்' என்று எழுதும்போது. ஆறு எழுத்தில் நான்கு புள்ளிகள்! அதே பலகையில் 'ஜவுளிக்கடை' என்றிருந்தால் ஒரே புள்ளி. செவ்வாய்ப்பேட்டைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த குடியானவனுக்கு எது விளங்கியிருக்கும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு தவறு, ஆங்கில எழுத்தின் துண்டுகளை வெட்டி ஒட்டித் தமிழ் செய்வது. எல் என்ற எழுத்தை டகரமாகவும், யூ என்ற எழுத்தைப் பகரமாகவும் நிறுத்திவிட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். வருவது வேஷம்தான். கோட்டின் கனம், முனை வெட்டிய விதம், சாய்வு, எழுத்துக்கு எழுத்து விடும் இடைவெளி இவற்றில்தான் ஒரு சின்னத்தின் முகம் இருக்கிறது. அவற்றைக் கொண்டுவந்து, எழுத்தைத் தமிழாகவே விட்டுவிட வேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர் அரபு நாடுகளைப் பார்க்கலாம். அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. எழுத்துகள் கைகோத்து நடப்பவை. ஆங்கில எழுத்துக்கு இதைவிடத் தூரமான உறவு வேறில்லை. இருந்தும் கோக்கோ-கோலா கம்பெனி தன் சுருண்டோடும் எழுத்தின் போக்கை அரபியிலும் விடாமல் வரைவித்திருக்கிறது. பெடெக்ஸ் என்னும் தபால் கம்பெனி 1994-ல் அமைத்த சின்னத்தில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு வெள்ளை அம்பு ஒளிந்திருக்கிறது. அரபுச் சின்னத்திலும் அம்பு உண்டு. அது இடப்பக்கம் பார்க்கிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய நம் ஜில்லா வாலிபர்கள் இவற்றைக் கண்ணாரக் கண்டவர்கள். 2011 ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7 கோடிக்கு மேல். அரேபியருக்குச் செய்த மரியாதையை நமக்கு ஏன் செய்யவில்லை என்று அந்நியக் கம்பெனிகளைக் கோபிப்பதில் பயனில்லை. அரேபியர் கேட்டார்கள், நாம் கேட்கவில்லை.

கேட்பதற்கு முன் நம் சொந்த வர்த்தகர்கள் செய்து காட்டவேண்டும். 'ஆவின்' என்ற பெயரைப் பாருங்கள். பசுவைக் குறிக்கும் 'ஆ' என்ற பழந்தமிழ்ச் சொல்லில் பிறந்து, பிறகு ஆங்கில உடை உடுத்திய பெயர் அது. தமிழில் பிறந்த பெயருக்குத் தமிழெழுத்து தானாகவே பொருந்துகிறது. சேலத்திலிருந்துகொண்டு, சாஸ்திரங்களுக்குத் தமிழ்ச் சொல் காண்பதற்கென 1916-லேயே ராஜாஜி ஒரு சங்கம் ஏற்படுத்தினார். ரசாயனத்துக்கே சொல் தேடிய ஊரில் ஜவுளிக்கடைக்குச் சொல் இல்லையென்பது வெட்கம்.

நாமக்கல் லாரிப் பட்டறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளின்படி நம்பர் பலகையில் ஆங்கில எழுத்துத்தான் இருக்கவேண்டும். வண்டியின் மற்றப் பாகமெல்லாம் முதலாளியின் விருப்பம். அங்கே குலதெய்வத்தின் பெயரையும், ஊர்ப் பெயரையும், குழந்தைகளின் பெயரையும் தூரிகையால் எழுதிவந்த ஓவியர்கள் பெரும் வித்தைக்காரர்கள். ஆங்கிலத்தையும் தமிழையும் ஒரே கை, ஒரே தூரிகை, ஒரே கனத்தில் எழுதியது. ஆகவே இரண்டும் உடன்பிறந்தவை போலிருந்தன. கம்பெனிகள் பணம் கொட்டித் தேடவேண்டிய பொருத்தம் அவர்களுக்குக் கூலிவேலையில் கைவந்திருந்தது. பிளெக்ஸ் துணி வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது. மோகனூரில் 1888-ல் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை சித்திரக்காரராயும் இருந்தவர். அவர் பிறந்த மண்ணில் தூரிகைக்கு வேலையில்லாமற் போவதை நாம் சும்மா பார்த்திருக்கலாகாது.

வர்த்தகர்கள் பலர் கவனியாத விஷயம் ஒன்றுண்டு. 1999-ஆம் வருஷத்து வர்த்தகச் சின்னச் சட்டப்படி தமிழெழுத்தில் வரைந்த சின்னத்தையும் தனியே பதிவு செய்துகொள்ளலாம். 2017 விதிகள் கேட்பதெல்லாம், அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ உடன் எழுதித் தரவேண்டும் என்பதே. சென்னையிலேயே பதிவு அலுவலகம் இருக்கிறது. ஆங்கிலச் சின்னத்தை மட்டும் பதிந்துவிட்டுத் தமிழை அனாதையாக விடுவது, பெட்டியைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்துவைப்பது போலாகும்.

வருகிற தீபாவளிக்குப் பலகை புதுப்பிக்க உத்தேசித்திருக்கும் சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு வியாபாரிகள் முதலில் தமிழ்ப் பெயரை எழுதுவித்து, பிறகு அதைப் பார்த்து ஆங்கிலத்தை அமைக்கும்படி சொல்லட்டும். வர்த்தக சங்கங்கள் தங்கள் சொந்தப் பலகையிலிருந்து இந்தக் காரியத்தைத் தொடங்கலாம். தூரிகை பிடித்த பழைய ஓவியர்கள் பட்டறைத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள்; கூப்பிட்டால் வருவார்கள்.