மயக்க மருந்தும் இருதயமும்

தாம்பரத்துக்கு முந்திய ரயில் நிலையத்துக்கு ஸானடோரியம் என்று பெயர். 1928-ம் ஆண்டில் டாக்டர் சவுரிமுத்து க்ஷயரோகிகளுக்காக அங்கே நிறுவிய ஆரோக்கியசாலையே அப்பெயருக்குக் காரணம். இன்று அது அரசாங்க நெஞ்சக ஆஸ்பத்திரி. அதைத் தவிர, பல்லாவரம் முதல் தாம்பரம் வரையில் ரண சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிகள் பல உண்டு. அவற்றின் தாழ்வாரங்களில் காத்திருக்கும் உற்றார், கத்தியைக் காட்டிலும் மயக்க மருந்துக்கே அஞ்சுவதுண்டு. "இருதயம் தாங்குமா?" என்பதே அவர்கள் கேள்வி.

இது பேதைமையான கேள்வி அன்று. உலகத்துப் பெரிய வைத்தியர்களெல்லாம் இதைப் பற்றி நெடுங்காலம் வாதாடினார்கள். அவ்வாதத்தின் முக்கியமான ஒரு பகுதி நமது நாட்டிலேயே நடந்தது.

1847-ல் எடின்பரோவில் ஸிம்ப்ஸன் என்பவர் குளோரோபாரத்தைப் பழக்கத்துக்குக் கொண்டு வந்தார். மூன்று மாதங்கள் ஆகுமுன், இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண், கால் விரல் நகத்தை எடுப்பதற்காக அம்மருந்தை முகர்ந்து சில நிமிஷங்களில் உயிர் நீத்தாள். முதலில் நின்றது மூச்சா, இருதயமா? வைத்தியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

ஹைதராபாத் வைத்தியப் பள்ளியின் தலைவர் எட்வர்ட் லாரி மூச்சுக் கட்சியைச் சேர்ந்தவர். 1888-ல் அவர் பரிசோதனைகள் நடத்தி, மூச்சே முதலில் நிற்கிறது என்று முடிவு கூறினார். லண்டன் 'லான்ஸெட்' பத்திரிகை இதை நம்பவில்லை. நிஜாம் ஆயிரம் பவுன் பணம் கொடுத்து, "உங்கள் நிபுணரையே அனுப்புங்கள்" என்றார். 1889-ல் லாடர் பிரன்டன் வந்தார். நூற்றுக்கணக்கான பிராணிகளைச் சோதித்த பின் அவரும் ஹைதராபாத்தின் முடிவையே ஒப்புக் கொண்டார். அந்நாளில் அப்பள்ளியில் பயின்ற ரூபாபாய் பர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர்களில் ஒருவராகப் பின்னால் பெயர் பெற்றார்.

எனினும் ஹைதராபாத் தீர்ப்பு பாதி உண்மையே. மூச்சைக் கவனிக்க வேண்டும் என்றது சரி. நாடியைக் கவனிக்க வேண்டியதில்லை என்றது பிழை. 1911-ல் லெவி என்பவர், குளோரோபாரம் குறைவாக ஏறியிருக்கும் போதே இருதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக் கூடும் என்று பூனைகளிடம் காட்டினார்.

இதற்குக் காரணம் என்ன? இருதயம் ஒரு தசை. ஒவ்வொரு துடிப்பின் போதும் அதன் நுண்ணறைகளுக்குள் சிறிது கால்ஷியம் புகுகிறது, அது உள்ளே சேமித்திருக்கும் கால்ஷியத்தையும் வெளிவிடுகிறது, தசை சுருங்குகிறது. கால்ஷியம் இல்லாவிடில் தவளையின் இருதயம் துடிப்பதில்லை என்று ரிங்கர் 1883-லேயே கண்டிருந்தார். மயக்க மருந்துகள் பலவும் இந்தக் கால்ஷிய வரத்தைக் குறைக்கின்றன. மருந்து ஏற ஏறச் சுருக்கத்தின் வலிமை தணிகிறது.

குளோரோபாரம் இன்று வழக்கொழிந்தது. 1956-ல் வந்த ஹாலோதேனும் இருதயத்தைத் தளர்த்துவதே. புரோபபோல் முக்கியமாக ரத்தக் குழாய்களை விரியச் செய்து ரத்த அழுத்தத்தை இறக்குகிறது. எடோமிடேட் இருதயத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. கெடமின் விசித்திரமானது: நரம்புகளை எழுப்பி நாடியை உயர்த்துகிறது, ஆனால் நெடுநாள் நோயால் நலிந்தவரிடம் அந்த எழுச்சிக்கு இடமில்லாமல், தசையைத் தளர்த்தும் அதன் குணமே மேலோங்கலாம்.

ஆகையால், எந்த மருந்து, எவ்வளவு, எவ்வளவு மெதுவாக என்பது நோயாளியைப் பொறுத்தது. வலுவுள்ள இருதயம் இத்தளர்ச்சியைப் பொறுத்துக் கொள்ளும். மருந்து இறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும். நலிந்த இருதயத்துக்கு அளவைக் குறைத்து, மருந்தை மாற்றி, கணந்தோறும் காவல் காக்க வேண்டும். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, ரத்தத்தில் பிராணவாயு ஆகிய யாவையும் இப்போது இயந்திரங்கள் இடைவிடாது காட்டுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டு மயக்க வைத்தியர் கடைசி வரையில் தலைமாட்டிலேயே இருக்கிறார்.

அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலி வந்ததுண்டா, தினமும் உட்கொள்ளும் மாத்திரைகள் யாவை, முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏதேனும் நேர்ந்ததா, குடிப் பழக்கம் உண்டா என்பவற்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "இதையெல்லாம் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிடுவார்களோ!" என்று மறைப்பவர் சிலர் உண்டு. தள்ளிப் போட்டால் சில நாட்களே நஷ்டம். மறைத்தாலோ உயிருக்கே ஆபத்து நேரக்கூடும்.