உறக்கமும் உண்மையும்

உண்பதும் உழைப்பதும் போலவே உறங்குவதும் மனிதனுக்கு இயல்பாகும். அத்தகைய இயல்பான செயலைக் குறித்தும் இன்று பலர் அஞ்சுகின்றனர். எட்டு மணி நேரம் உறங்காதவன் நோய்க்கு ஆளாவான் என்றும், அவன் வாழ்நாள் குறுகும் என்றும் செய்திகள் பரவியுள்ளன. அவற்றுள் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்ந்து காண்போம்.

உறக்க ஆராய்ச்சி இளமையான அறிவியல் துறையாகும். 1924ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவரான ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1953ஆம் ஆண்டில் சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குவோரின் கண்கள் இமைக்குள் விரைந்து அசையும் வேளைகள் உண்டு என்பதை வெளியிட்டனர். அவ்வேளைகளில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் தாம் கனவு கண்டதாகக் கூறினர். உறக்கம் இரவு முழுவதும் ஒரே நிலையில் இருப்பதன்று. ஏறத்தாழ தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒரு முறை ஆழ்ந்தும் மெலிந்தும் மாறி மாறி வருவது. ஆகவே நள்ளிரவில் சிறிது விழித்துக்கொள்வது நோயன்று, இயல்பே.

இனி, உறக்கத்தின் அளவைக் காண்போம். அமெரிக்காவில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாள்தோறும் ஏழு மணி நேரம் உறங்குவதாகக் கூறியவர்களிடையே இறப்பு மிகக் குறைவாக இருந்தது. அதனினும் குறைவாக உறங்கியோரிடையே மட்டுமன்றி, மிகுதியாக உறங்கியோரிடையேயும் இறப்புக் கூடியிருந்தது. அதனால், மிகுதியாக உறங்குவதே மனிதனைக் கொல்லும் என்று முடிவு கட்டலாமோ? ஆகாது. நோயுற்றவன் நெடுநேரம் படுத்திருப்பான். வலியுடையவன் உறக்கமின்றித் தவிப்பான். தெருவில் குடைகள் மிகுந்த நாளில் மழை பெய்கின்றது. அதனால் குடையே மழையைக் கொணர்ந்தது என்போமா? உடன் நிகழ்வதெல்லாம் காரணம் ஆகிவிடாது.

எனினும், உறக்கம் குறைந்தால் கவனம் தளரும் என்பதும், கற்றவை நினைவில் நிலைபெற உறக்கம் துணை செய்யும் என்பதும் சோதனைகளால் தெளிவானவை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் ஏற்றது என அமெரிக்க உறக்க மருத்துவ அறிஞர்கள் 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தனர். இது பலருக்கும் பொதுவாக வகுத்த அளவு. ஒரே அளவுச் சட்டை அனைவர்க்கும் பொருந்தாததுபோல, உறக்கத்தின் தேவையும் ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடும். பகலில் சோர்வும் தூக்கக் கலக்கமும் இன்றி நம் கடமைகளைச் செய்ய முடிகின்றதா என்பதே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

மாணவர்களே! நல்லுறக்கத்திற்கு அரிய மருந்துகள் வேண்டுவதில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுங்கள். காலை வெயிலில் சிறிது உலவுங்கள். மாலைக்குப் பின் தேநீரும் காப்பியும் தவிருங்கள்; அவற்றிலுள்ள ஊக்கப்பொருள் பல மணி நேரம் உடலில் தங்கும். படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டுசெல்லாதீர்கள். நெடுநேரம் உறக்கம் வாராவிடில், எழுந்து அமைதியாக ஏதேனும் படித்திருந்து, கண் அயரும்போது படுங்கள், கடிகாரத்தை நோக்கிக்கொண்டிராதீர்கள். தேர்வுக்கு முன்னாள் விடிய விடியப் படிப்பதினும், படித்ததை நிறுத்தி உறங்குவதே நலம்.

தேர்வின் நினைவால் ஓர் இரவு உறக்கம் கெட்டாலும் கலங்க வேண்டா. அடுத்த இரவில் உடல் ஆழ்ந்து உறங்கி அக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்யும். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலும், உறக்கத்தில் உரத்த குறட்டையுடன் மூச்சு இடையிடையே நின்றாலும் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

உறக்கம் வருமோ வாராதோ என்று எண்ணி எண்ணி ஏங்குபவனை விட்டு அது விலகிச் செல்லும். நாளை ஒழுங்காகக் கழித்து, அச்சமின்றிப் படுப்பவனை அது தானே வந்து தழுவும். ஆதலின் அளவை அறிவோம், அச்சத்தை ஒழிப்போம்.