சின்சில்லா முயலுக்கு வளையும் குட்டிப் பெட்டியும்

செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்துள்ள கரடுகளிலும் பக்கமலைக் காட்டின் ஓரங்களிலும் வாழும் காட்டு முயலை நமது விவசாயிகள் நன்கு அறிவர். விடியற்காலையில் கடலைக் கொல்லைக்குக் காவல் சென்றவர்கள் அது துள்ளி ஓடுவதைப் பல முறை கண்டிருப்பர். ஆனால் அந்தப் பழக்கமே, வீட்டில் முயல் வளர்க்க முற்படுவோருக்கு ஓர் இடையூறாகவும் அமைந்துவிடுகிறது.

காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புதர் மறைவில் புல்லை அழுத்திப் படுத்து, அங்கேயே குட்டி ஈனுகிறது. அதன் குட்டிகள் பிறக்கும்போதே உடல் முழுதும் மயிர் போர்த்து, கண் திறந்திருக்கும். நாம் கூண்டில் வளர்க்கும் முயலோ வேறு இனத்தைச் சேர்ந்தது. ஸ்பெயின் நாட்டுப் பக்கத்திலிருந்து ஐரோப்பா எங்கும் பரவிய வளை முயலின் வழிவந்தது அது. மண்ணுக்குள் வளை தோண்டி அதன் கோடியில் குட்டி போடுவது அதன் இயல்பு. ஆகவே அதன் குட்டிகள் மயிரின்றி, கண் மூடி, சிவந்த தசைத் துண்டுகளைப் போலப் பிறக்கின்றன. இரண்டையும் 'முயல்' என்ற ஒரே சொல்லால் நாம் அழைப்பதால், இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு போதும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர்.

இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. சினை முயலைக் கம்பி வலைத் தரையுள்ள கூண்டில் அப்படியே விட்டுவிட்டால், இரவில் ஈன்ற குட்டிகள் வலையின் கண்களில் சிக்கிக்கொள்ளும் அல்லது கீழே விழும். நாய், பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு வருவதைப் போல, விலகிய குட்டியைத் தாய் முயல் திரும்பக் கொண்டுவருவதில்லை. விடிந்ததும் குளிரில் விறைத்துக் கிடக்கும் குட்டிகளைக் கண்டு, "தாயே கொன்றுவிட்டது" என்றும், "முயல் நமக்கு ராசியில்லை" என்றும் கூறி வளர்ப்பையே கைவிட்டவர்கள் உண்டு. தாயின் மீதும் ராசியின் மீதும் குற்றமில்லை. வளைக்கு ஈடாக நாம் எதுவும் கொடுக்காததே காரணம்.

நமது மாநிலத்தில் வளர்க்கப்படும் இனங்களுள் ஒன்று சோவியத் சின்சில்லா. இப்பெயரைப் பற்றிச் சிறிது கூறுவது பயனுடையது. உண்மையான சின்சில்லா என்பது முயலே அன்று. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத் தொடரின் குளிர்ந்த உயரங்களில், பாறைப் பிளவுகளில் வாழும் சிறு கொறிவிலங்கு. அதன் மென்மயிருக்காக அளவின்றி வேட்டையாடப்பட்டு, ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 11 சின்சில்லாக்களிலிருந்தே வளர்ப்புச் சின்சில்லாக்கள் பெருகின. சாம்பலும் நீலமும் கலந்த அதன் மயிர் நிறத்தை ஒத்திருந்ததால் பிரான்சு நாட்டில் உருவாக்கப்பட்ட ஒரு முயலுக்கு அப்பெயர் இடப்பட்டது. சோவியத் நாட்டில் அதைப் பெரிய உடலுள்ள வெள்ளை முயலுடன் கலந்து வளர்த்தெடுத்ததே இன்று நம்மிடம் உள்ள இனம். வளர்ந்த முயல் 4 முதல் 5 கிலோ வரை எடை நிற்கும்.

மேல்நாடுகளில் உண்மையான சின்சில்லாவைச் செல்லமாக வளர்ப்போர், அது பகலில் பதுங்கித் தூங்குவதற்கென்று மென்கம்பளித் துணி போர்த்திய குழாயை வீட்டிலேயே செய்து கூண்டில் வைக்கின்றனர். பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி எதுவும் மறைவிடம் இன்றி நிம்மதியாக இராது. நமது சின்சில்லா முயலுக்கும் இது பொருந்தும். ஆனால் பொருளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், செஞ்சியின் வெயிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் குட்டிப் பெட்டி. ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள மரப்பெட்டி போதுமானது. பழக்கடையில் கழித்துப் போடும் பெட்டியைப் பிரித்து அடித்துக்கொண்டாலும் குற்றமில்லை. சாயம் பூசிய பலகை மட்டும் வேண்டாம், முயல் அதைக் கடிக்கும். ஆணி முனை உட்புறம் நீட்டிக்கொண்டிராதபடி மடக்கிவிட வேண்டும். முன்பக்கத்தில் தாய் நுழையும் வழி, தரையிலிருந்து 6 அங்குல உயரத்தில் தொடங்கட்டும். இந்தத் தடுப்பு இல்லாவிட்டால், பால் குடித்துக்கொண்டிருக்கும் குட்டிகள் தாயின் மடியைப் பற்றியபடியே வெளியே இழுபட்டு விழுந்துவிடும். அடிப்பலகையில் சிறுநீர் வடிய நாலைந்து சிறு துளைகள் இடவேண்டும்.

பெட்டிக்குள் நன்கு உலர்ந்த வைக்கோலையோ, தூசி தட்டிய தேங்காய் நாரையோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும். வைக்கோலில் பூஞ்சை வாடை இருந்தால் எறிந்துவிட வேண்டும். பஞ்சு, நூல் கழிவு, கிழிந்த சேலைத் துண்டு இவற்றைப் போடலாகாது. மென்மையாக இருக்கிறதே என்று இவற்றை இடுவோர் மிகுதி. நூலிழை குட்டியின் காலிலோ கழுத்திலோ சுற்றி இறுகினால், அந்தக் கால் கறுத்து உதிரும். கழுத்தாயின் உயிரே போகும். மென்மைக்கு நாம் கவலைப்பட வேண்டியதில்லை. ஈனும் தறுவாயில் தாய் தன் மார்பு, வயிற்று மயிரைத் தானே பிடுங்கி மெத்தையாக விரித்துக்கொள்ளும். அதை நோய் என்று கருதி மருந்து தேடுவது வீண்.

முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள். 27 அல்லது 28-ஆம் நாளில் பெட்டியைக் கூண்டினுள் வைக்க வேண்டும். முன்னதாகவே வைத்தால் தாய் அதை மலசலம் கழிக்கும் இடமாக்கிவிடும்; பிந்தினால் குட்டி கம்பித் தரையில் விழும். ஆகையால் கிடாவுடன் சேர்த்த நாளைக் கூண்டின் மேலுள்ள சுவரில் கரிக்கட்டியாலேனும் குறித்து வைப்பது அவசியம். ஞாபகத்தை மட்டும் நம்புவது இவ்விஷயத்தில் உதவாது.

ஈன்ற மறுநாள் காலை பெட்டியைப் பார்வையிட்டு, இறந்த குட்டி இருந்தால் அகற்ற வேண்டும். கையில் அப்பெட்டியின் வைக்கோலைத் தேய்த்துக்கொண்டு தொட்டால் தாய் வெருளாது. தாய் நாள் முழுதும் குட்டியருகே இருப்பதில்லை. நாளொன்றுக்கு ஒரு முறையோ இரு முறையோ, சில நிமிடங்களே பால் கொடுக்கும். இதைக் கண்டு, தாய் குட்டிகளை ஒதுக்கிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். குட்டியின் வயிறு உருண்டு திரண்டிருந்தால் பால் குடித்திருக்கிறது என்பது பொருள். தோல் சுருங்கி வயிறு ஒட்டியிருந்தால்தான் கவலைக்கிடம். 10 முதல் 12 நாட்களுக்குள் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் குட்டிகள் தாமே பெட்டியை விட்டு வெளியேறத் தொடங்கும். அதன்பின் பெட்டியை எடுத்துக் கழுவி, வெயிலில் நன்கு காயவைத்து, அடுத்த ஈற்றுக்குப் பத்திரப்படுத்தலாம்.

எறும்பைப் பற்றித் தனியே எச்சரிக்கை செய்கிறோம். பால் வாடைக்கு வரும் எறும்புக் கூட்டம் ஓர் இரவில் ஓர் ஈற்றையே அழித்துவிடும். கூண்டின் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்துவதைத் தவிர இதற்குச் சுலபமான வழி இல்லை. நீர் வற்றாமல் நாள்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, வளர்ந்த முயல் பதுங்கும் குழாய். இதற்குச் சுட்ட மண் குழாயே சிறந்தது. ஓர் அடி குறுக்களவும் இரண்டடி நீளமும் உள்ள குழாயைக் குயவரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். அடி உடைந்த பெரிய பானையின் வாயையும் கழுத்தையும் தட்டி அகலமாக்கிப் படுக்க வைத்தாலும் அதே வேலையைச் செய்யும். உடைந்த விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். இரு புறமும் திறந்திருக்க வேண்டியது முக்கியம். ஒரு புறம் அடைத்திருந்தால், வலிய முயல் எளியதை உள்ளே மடக்கிக் கடித்துவிடும். ஆறு அங்குல நெகிழிக் குழாய் பால் மறந்த குட்டிகளுக்குச் சரி. வளர்ந்த முயல் அதில் நுழைந்தால் திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

துணி போர்த்துவதைப் பற்றியும் கூறிவிடுகிறோம். கொடைக்கானல், நீலகிரிப் பக்கத்து வாசகர்களுக்கு அது பயன்படும். கடைகளில் பிளீஸ் என்று கேட்டால் கிடைக்கும் செயற்கை மென்கம்பளித் துணியில், வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியாது. மூங்கிலால் முடைந்த குழாயாயின் தைப்பது எளிது. குறுக்களவு 12 அங்குலம் எனில் சுற்றளவு ஏறத்தாழ 38 அங்குலம்; தையலுக்கு 2 அங்குலம் கூட்டி 40 அங்குலம் அகலம் வெட்ட வேண்டும். நீளம், குழாயின் 24 அங்குலத்துடன் இரு முனையிலும் உட்புறம் மடிக்க ஐந்தைந்து அங்குலம் சேர்த்து 34 அங்குலம். இதை உறைபோலத் தைத்து, தையல் ஓரம் குழாயின் பக்கம் மறையுமாறு மாட்டி, முனைகளை உள்ளே மடித்து, மூங்கில் பின்னலோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். முடிச்சுகள் வெளிப்புறமே இருக்கட்டும். முயல் துணியைக் கடித்துத் தின்னத் தொடங்கினால் உடனே கழற்றிவிடுங்கள். துணி குடலை அடைத்துக்கொண்டால் பிழைப்பது அரிது.

செஞ்சியில் இவ்வுறை மார்கழி, தை மாதப் பனிக்கு மட்டுமே ஏற்றது. மற்றக் காலங்களில் குளிரைவிட வெப்பமே முயலுக்கு எமன். முயலுக்கு வியர்ப்பதில்லை, பெரும்பாலும் காதுகளின் வழியாகவே உடற்சூட்டை வெளியேற்றுகிறது. 30 டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் அது சோர்வடையும். 35-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சித்திரை, வைகாசியில் நமது பாறைக் குன்றுகள் இரவிலும் அனல் வீசும் என்பதை யாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோட்டைக்குள் இருக்கும் பழைய நெற்களஞ்சியத்தில் நண்பகலில் நுழைந்தவர்கள், கனத்த சுவர் வெயிலை எவ்வாறு தடுக்கிறது என்பதை உணர்ந்திருப்பர். மண்ணும் அவ்வாறே. மண் குழாயை மர நிழலில் பாதிக்கு மேல் தரையில் புதைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டுவைத்தால், உள்ளே இருக்கும் முயல் பிழைத்துக்கொள்ளும். எகிப்து, அல்ஜீரியா போன்ற வெப்ப நாடுகளிலும் தரைக்குள் அறை அமைத்து முயல் வளர்க்கும் முறை கையாளப்படுகிறது. கோடையில் குட்டிப் பெட்டிக்குப் பதிலாகப் படுக்க வைத்த மண் பானையையே தரலாம். குட்டிகள் ஒன்றையொன்று விட்டு விலகி மூச்சிரைத்துக் கிடந்தால் வைக்கோலையும் மயிரையும் குறைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று குவிந்து நெளிந்தால் கூட்ட வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இரண்டு விஷயங்கள். காட்டு முயலைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டில் வளர்ப்பதாகச் சொல்லிக் காட்டு முயலை அடைத்து வைப்பதும் அப்படியே. இதைக் கிராம சபையில் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும். மற்றொன்று, குட்டிகளை விற்றுவிட்டுப் பிறகு எல்லாவற்றையும் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாக வாக்களிப்போரைப் பற்றியது. ஈமுக் கோழியின் பெயரால் 2012-ஆம் ஆண்டில் கொங்கு நாட்டில் எத்தனை குடும்பங்கள் பணத்தை இழந்தன என்பதை எண்ணிப் பார்த்தபின் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

நல்ல இன முயல்கள் வேண்டுவோர், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் 1965-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல நிலையத்தை அணுகலாம். முதலில் உள்ளூர்க் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்வது நலம். மன்னவனூர் குளிர்ந்த இடம். அங்கிருந்து கோடையில் கொண்டுவரும் முயல் இங்கு வந்து இறங்கியதும் துவண்டுவிடும். கார்த்திகை, மார்கழியில் வாங்கினால், வெயில் மெல்ல ஏறுவதற்கேற்பத் தானும் பழகிக்கொள்ளும். கோடையில் கிடாவின் விந்தும் வீரியம் இழப்பதால் சித்திரை முதல் ஆனி வரை இனச் சேர்க்கையை நிறுத்தி வைத்து, ஆவணியில் தொடங்கலாம். அவ்வாறாயின் முதல் குட்டிகள் புரட்டாசியில் பிறக்கும். பெட்டியை ஆவணிக்குள் அடித்து முடித்திருக்க வேண்டும்.