கிட்டாரை ஆம்ப்பில் சொருகினாலே ‘உம்ம்ம்’ சத்தமா? மலை மேல் வாசிப்பவர்கள் எர்த் பின்னை உடைக்கும் முன் இதைப் படிங்க!

கொடைக்கானலில் சீசன் வந்துவிட்டால் பிரையண்ட் பூங்கா மலர் கண்காட்சி, கோடை விழா என்று ஊரே களைகட்டும். வட்டக்கானல் பக்கம் ஹோம்ஸ்டே வாசலில் சீரியல் லைட் தொங்கவிட்டு, நெருப்பு மூட்டி, நாலு பேர் கிட்டார் வாசிப்பதும் இப்போது சகஜம். ஆனால் எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்பில் சொருகிய அடுத்த நொடி பாட்டுக்கு முன்னால் வந்து நிற்பது ஒரு ‘உம்ம்ம்’ சத்தம். கம்பியைத் தொடவே இல்லை, அப்புறம் இது எங்கிருந்து வருகிறது? இதை நிறுத்த சிலர் செய்யும் ஒரு வேலை ஏன் உயிருக்கே ஆபத்து?

கிட்டாருக்குள் என்ன இருக்கிறது?

எலக்ட்ரிக் கிட்டாரில் மைக் கிடையாது. கம்பிகளுக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி முடி அளவுக்கு மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை கிட்டாரில் ஒரு பிக்கப்புக்கு சுமார் 7,000 முதல் 8,000 சுற்று. இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, காயிலில் துளியூண்டு மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெருக்கித் தருவதுதான் ஆம்ப்.

சிக்கலும் அங்கேதான். காயிலுக்கு கிட்டார் கம்பி எது, சுவரில் ஓடும் வயர் எது என்று தெரியாது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அதன் காந்தப்புலத்தையும் காயில் விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த அடித்தொண்டை ‘உம்ம்ம்’ அதுதான். ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர், இன்வெர்ட்டர், சார்ஜர் பக்கத்தில் போனால் இன்னும் அதிகமாகும்.

காந்தத்தை அளப்பவர்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. மும்பை கொலாபாவில் பூமியின் காந்தப்புலத்தை அளந்துகொண்டிருந்த ஆய்வகம், நகரத்துக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் 1900-களின் தொடக்கத்தில் அலிபாக்குக்கு இடம்பெயர்ந்தது. 1899-ல் நிறுவப்பட்ட நம்ம கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலும் காந்தப்புலம் அளக்கும் கருவிகள் உண்டு. ஆய்வகம் ஊரை விட்டுப் போகலாம், கிட்டார் வாசிப்பவர் எங்கே போவது?

ஹம் வேறு, பஸ் வேறு!

இது ஊருக்குப் போகிற பஸ் இல்லை, ‘ஜ்ஜ்ஜ்’ என்று ஈ மொய்ப்பது போன்ற சத்தம். ஆழமான ‘உம்ம்ம்’ பெரும்பாலும் காந்தப்புலத்தால் வருவது. கரகரப்பான ‘ஜ்ஜ்ஜ்’ லைட் டிம்மர், மலிவான எல்.இ.டி, சீரியல் லைட் போன்றவற்றிலிருந்து வருவது. உங்களுக்கு எது என்று கண்டுபிடிக்க கடைக்குப் போக வேண்டாம்.

முதலில் கிட்டாரின் வால்யூம் குமிழை முழுசா குறைங்க. சத்தம் அப்படியே இருந்தால் கேபிளோ ஆம்ப்போதான் காரணம். நின்றுவிட்டால் பிக்கப் பக்கம் பார்க்கணும். அடுத்து கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாக ஒரு சுற்று திரும்புங்க. ஒரு திசையில் சத்தம் அடங்கினால் அது காந்த ஹம். கம்பியைத் தொட்டதும் ‘ஜ்ஜ்ஜ்’ குறைகிறதா? பயப்படாதீங்க, அது இயல்பு. நம் உடம்பே ஆன்டெனா மாதிரி இரைச்சலைப் பிடிக்கும், கம்பியைத் தொட்டதும் அது கிட்டாரின் கிரவுண்டோடு சேர்ந்துவிடுகிறது. தொட்டதும் சத்தம் கூடினால்தான் உள்ளே வயரிங் மாறியிருக்கிறது என்று சந்தேகப்படணும்.

‘தானா டிட்-டிட்-டிட்டுனு கேக்குது’ என்பவர்கள் பாக்கெட்டில் இருக்கும் போனை எடுத்துத் தள்ளி வைங்க. 2ஜி சிக்னல் விநாடிக்கு 217 முறை விட்டு விட்டுப் போவதால் வரும் சத்தம் அது. மலையில் சிக்னல் குறைந்தால் போன் இன்னும் பலமாக ஒலிபரப்பும் என்பதால் தொந்தரவும் கூடும்.

செம்பு டேப் ஒட்டினால் போதுமா?

ஆன்லைனில் செம்பு டேப் வாங்கி கிட்டாரின் உள்குழி முழுக்க ஒட்டுபவர்கள் உண்டு. நல்ல வேலைதான், ஆனால் அது ‘ஜ்ஜ்ஜ்’ சத்தத்தைத்தான் குறைக்கும். துண்டுகள் ஒன்றோடொன்று தொட்டிருக்க வேண்டும், கிரவுண்ட் வயரோடு சோல்டர் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் அலங்காரம். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அந்த மெல்லிய செம்பைச் சட்டையே செய்யாது.

அதற்கு மருந்து ஹம்பக்கர். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957-ல் கிட்டார்களில் வந்தது. பக்கத்து பக்கத்தில் இரண்டு காயில்: ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்று, காந்தமும் தலைகீழ். வெளியிலிருந்து வரும் ஹம் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து அடிபட்டுப் போகும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். நடு பிக்கப் எதிர்ச்சுற்றாக இருக்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஸ்விட்சை 2 அல்லது 4-ம் இடத்தில் வைத்தாலே இதே வித்தை நடக்கும், காசு செலவில்லை. நாய்ஸ் கேட் பெடல் வாசிக்காத இடைவெளியில் மட்டும் வாயை மூடும், வாசிக்கும்போது ஹம் உள்ளேதான் இருக்கும்.

எர்த் பின்னை உடைக்காதீங்க!

இனி முக்கியமான விஷயம். ஆம்ப் ஒரு பிளக்கில், மிக்ஸர் வேறொரு பிளக்கில், நடுவில் ஒரு கேபிள் என்றால் இரண்டு எர்த் வழிகள் சேர்ந்து வட்டமாகிவிடும். இதை கிரவுண்ட் லூப் என்பார்கள். பெரிய ஹம் வரும். ஆம்ப் பிளக்கின் மேல் பின்னை உடைத்தாலோ, டூ-பின் கன்வெர்ட்டரில் சொருகினாலோ சத்தம் சட்டென்று நின்றுவிடும். ‘பாத்தியா, சரியாயிடுச்சு’ என்று மைக் செட் அண்ணன் சிரிப்பார்.

நின்றது சத்தம் மட்டும் இல்லை, உங்கள் பாதுகாப்பும்தான். ஆம்ப்புக்குள் ஒரு வயர் கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் கேபிள் வழியாக கிட்டார் கம்பிக்கு வந்து காத்திருக்கும். கை கம்பியில், உதடு மைக்கில். மைக் வேறு எர்த்தில் இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகத்தான் போகும். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சி மேடையில் இப்படித்தான் இறந்தார், எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்ட நொடியில். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-ல் சொந்த வீட்டில் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார்.

பழனி மலையில் இன்னொரு சிக்கல். பாறை நிலத்தில் எர்த் கம்பி ஆழமாக இறங்காது, இறங்கினாலும் மண்ணில் ஈரம் குறைவாக இருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. கரியும் உப்பும் போட்டு எர்த் குழி தோண்டுவதும், கோடையில் தண்ணீர் ஊற்றுவதும் இதனால்தான். மூன்று ஓட்டை பிளக் இருப்பதாலேயே பின்னால் எர்த் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. ஜெனரேட்டரில் ஓடும் மேடை என்றால் சந்தேகம் இரண்டு மடங்கு. வாசிக்கும் முன் எலக்ட்ரீஷியனிடம் மீட்டரால் பார்க்கச் சொல்லுங்க, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் கேளுங்க. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று வாசிக்கவே வேண்டாம்.

அப்போ கிரவுண்ட் லூப்புக்கு என்ன வழி? ஆம்ப், மிக்ஸர், பெடல் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்க. முக்கால்வாசி ஹம் அதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு டி.ஐ. பாக்ஸ். அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் ஆடியோ கேபிளின் இணைப்பை மட்டும் பிரிக்கும், மின் எர்த்தைத் தொடாது. வீட்டில் லேப்டாப்பில் பதிவு செய்பவர்கள் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்க.

அப்புறம் மூடுபனி. ஈரக் காற்று ஜாக்கிலும் வால்யூம் குமிழிலும் புகுந்து பாசி பிடித்த மாதிரி பச்சை படிய வைக்கும், திருப்பும்போதெல்லாம் ‘கர்ர்’ என்று கத்தும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும். ஆம்ப்பை ஆஃப் செய்துவிட்டு, குமிழ் இடுக்கில் லேசாக அடித்து இருபது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் போதும்.